ஒரே மூச்சில் ஒரு சட்டம்

டர்னிப் என்ற நாய் ஹால்சே தீவுக்கு வந்துவிட்டது. ஆனால் இறங்கக் கூடாது. பன்னிரண்டே காலுக்கு வந்த கப்பலின் மேல்தளத்தில் நின்று, கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டி, துறையில் காய்ந்த நண்டுக்கூடைகளை ஒவ்வொன்றாக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் கரைக்கும் நடுவே நாலே அடி. அந்த நாலடியில் இருநூறு வருஷத்துப் பழைய சட்டம் ஒன்று குறுக்கே படுத்துக் கிடந்தது.

1823-ல் ஏதோ ஒரு நாய் ஏதோ ஓர் ஆட்டைக் கடித்ததாம். அன்றிலிருந்து தீவில் நாய் கிடையாது. ஆயிரத்து நூறு மனிதர்கள், ஒன்பதாயிரம் ஆடுகள், நாய் பூஜ்யம். ஆட்டுக்காரர்கள் தாங்களே ஓடி, தாங்களே விசிலடித்து, தாங்களே நாக்குத் தள்ளிப்போய் நிற்பார்கள்.

அந்தத் தடையை நீக்கும் புதுச் சட்டத்தை எழுதியவள் மெரியல் கோலட். தீவின் அவையில் பதினெட்டு உறுப்பினர்கள் உண்டு. என்ன வேண்டும் என்று சத்தம் போடுவது அவர்கள் வேலை. அதை எந்தச் சொற்களில் வைப்பது என்று உட்கார்ந்து எழுதுவது அவள் ஒருத்தியின் வேலை. முப்பத்தாறு வயதில் அவளுக்கு அந்த வேலை மீது இருந்த காதலைப் பார்த்து அவள் அம்மாவே பொறாமைப்பட்டிருக்கிறாள். கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கிற குழந்தை மாதிரி வாக்கியங்களைக் கழற்றிப் பார்ப்பாள்.

நாய்களைப் பற்றி அவளுக்கு முதலில் எந்த அபிப்பிராயமும் இருக்கவில்லை. 'நாய் என்றால் என்ன' என்று சட்டத்தில் ஒரு விளக்கம் வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நாலு கால் என்று எழுதினால் காலொடிந்த நாயை என்ன செய்வது? வால் உண்டு என்றால் வால் நறுக்கிய நாய்? குரைக்கும் என்றால், குரைக்காத நாய் எல்லாம் பூனையாகிவிடுமா? நேரில் பார்த்துவிடுவோம் என்று கப்பலேறி, அக்கரையில் கைவிடப்பட்ட நாய்களை வைத்துக் காக்கிற காப்பகம் ஒன்றுக்குப் போனாள்.

ஏழாம் கூண்டில் டர்னிப் இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு காது மேலே, ஒரு காது கீழே. ஆடு மேய்க்கிற இனம், ஆடென்றால் பயம். அதனாலேயே பண்ணைக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மெரியல் கூண்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, வழக்கம்போல வரைவை வாய்விட்டுப் படித்தாள். "நாய் என்பது நான்கு கால்களும் வாலும் உடைய..." என்று யோசித்து நிறுத்தினாள்.

"வவ்" என்றது டர்னிப்.

அவளுக்கும் அந்த வரி பிடிக்கவில்லை. அடித்தாள். "வீட்டிலோ பண்ணையிலோ வளர்க்கப்படும்..."

"வவ்."

அதையும் அடித்தாள். மதியத்துக்குள் விளக்கம் முழுவதும் அடிபட்டு, மிஞ்சியது மூன்று சொல்: நாய் என்பது நாயே. அவள் வாழ்க்கையில் எழுதிய மிகச் சிறந்த வரி அதுதான் என்று அவளுக்கே பட்டது. பாதி பெருமை கூண்டுக்குள் இருக்கிறவனுக்குப் போக வேண்டும் என்றும் பட்டது. அதன் பிறகு பதினைந்து மாதம், மாதம் ஒரு முறை போனாள். அவள் படிப்பாள், நிறுத்துவாள், அது கருத்துச் சொல்லும். இப்படித்தான் அந்தச் சட்டம் இருவராலும் எழுதப்பட்டது.

தன் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதை அவள் மறைக்கவில்லை. "தலைவரம்மா, எனக்கு ஒரு நாய் மேல பிரியம் வந்துடுச்சு. பதிவு பண்ணிக்குங்க" என்று அவையில் எழுந்து சொன்னாள். அவைத்தலைவி ஒனோரா பெக், "எங்க எல்லாருக்கும் எப்பவோ தெரியும் கண்ணு. உன் கோட்டுப் பூரா முடி" என்று சொல்லி அதையும் பதிவு செய்யச் சொன்னார்.

இப்போது பதினைந்து மாதத்துக் காத்திருப்பு ஒரு மதியத்தில் வந்து நின்றது. காப்பகத்தில் இடமில்லை. டர்னிப்பை எடுத்துக்கொள்ள அக்கரையில் ஒரு குடும்பம் தயாராக இருந்தது. சாயந்தரம் ஆறு மணிக்கு வருகிறார்கள். அதற்குள் சட்டமாகிவிட்டால் மெரியலே வைத்துக்கொள்ளட்டும் என்று காப்பகத்தார் நாயைக் கப்பலில் அனுப்பியிருந்தார்கள். இரண்டு மணிக்குக் கப்பல் புறப்படும்போது டர்னிப் அதில் இருந்தால், அது அவர்களுடைய நாய். கடலில் நீர் வடியத் தொடங்கிவிடும் என்பதால் கப்பல் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காது.

ஹால்சேயில் ஒரு சட்டம் எப்படி உண்டாகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்று பூட்டுப் போட்ட பெட்டி அது. அவை மூன்று தடவை ஓட்டுப் போட்டால் முதல் பூட்டு திறக்கும். லண்டனிலிருந்து அரசரின் சம்மதக் கடிதம் வந்தால் இரண்டாவது. இரண்டும் திறந்தபின் ஊரில் எல்லோரும், "என்ன மெரியலு, நாய்ச் சட்டம் இயற்றியாச்சா?" என்று கேட்டார்கள். அவள் விடமாட்டாள். "தேறியிருக்கு. சம்மதம் வந்திருக்கு. இன்னும் இயற்றல." தபாலாபீஸ் வரிசையில் நிறுத்தி வைத்து இந்த வித்தியாசத்தை விளக்குவாள். கல்யாணம் பேசி முடித்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று என்பதற்காக யாராவது புருஷன் பெண்டாட்டி ஆகிவிட முடியுமா? 'இயற்றுதல்' என்ற வினைச்சொல் கடைசிப் பூட்டு திறக்கிற அந்த நொடியில்தான் நடக்கும். அதற்கு ஒரு நொடி முன்னால் இருப்பது வெறும் நல்ல யோசனை.

மூன்றாவது பூட்டு, காது. நடுக்கோடை நாளில் சட்டமேட்டின் உச்சியில் நின்று அதை வாசிக்க வேண்டும். எழுபதடி கீழே, துறைமுகம் போகிற வழியில் செவிக்கல் என்று ஒரு தட்டைப் பாறை. அன்று காலையில் குலுக்கலில் பெயர் வந்த ஒருவர் அதன் மேல் நிற்பார். அவருக்குச் செவியாள் என்று பெயர். சட்டம் முழுவதும் காதில் விழுந்ததும், "கேட்டது!" என்று அவர் கத்த வேண்டும். மக்கள் காதில் விழாதது மக்களுக்குச் சட்டமாகாது. மூன்று முறை வாசிக்கலாம். மூன்றிலும் விழவில்லையென்றால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. யார் எழுதினாரோ அவரேதான் வாசிக்க வேண்டும். ஒரு காலத்தில் கடற்பாசி பொறுக்குவதைப் பற்றி ஓர் எழுத்தர் நாற்பத்தோரு பக்கம் எழுதித் தள்ளினார். வாசித்த பாவப்பட்ட மனிதர் முப்பதாம் பக்கத்தில் மயங்கி விழுந்தார். எழுதினவனே வாசித்துச் சாகட்டும் என்று அன்றைக்கே விதி போட்டார்கள். அதன் பிறகு ஹால்சேயின் சட்டங்கள் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டன.

அந்த வருஷம் சட்டமும் ஒன்றே ஒன்றுதான். ஒரு மணிக்கு ஊரே மேட்டின் சரிவில் உட்கார்ந்திருந்தது. புகைபோட்ட ஹெர்ரிங் மீன் வைத்த பன்னும், நெல்லிக்காய்ப் பணியாரமும் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தன. செவிக்கல்லின் மேல் ஏறி நின்ற ஆளை மெரியல் இரண்டு தடவை பார்த்தாள்.

ஃபின்லோ கிரேன். தீவின் ஒன்பதாயிரம் ஆடுகளில் ஆயிரத்து இருநூறு அவருடையவை. நாய்ச் சட்டத்துக்கு எதிராக எழுதிய அட்டையை மூன்று மாதமாகத் தன் வண்டியில் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்.

"ஏம்மா மெரியலு, முகம் ஏன் வெளிறுது?" என்று கீழேயிருந்து கத்தினார். "குலுக்கல்ல வந்தேன். நானா கேட்டு வாங்கல."

"ஒண்ணுமில்லண்ணே. உங்க காது நல்லா இருக்கான்னு யோசிச்சேன்."

"ரெண்டு வயல் தள்ளி ஆடு தும்மினா எனக்குக் கேக்கும். அது எந்த ஆடுன்னும் சொல்லுவேன்."

"அப்ப சரி."

"சரின்னு முடிவு பண்ணிடாத. காது நல்லா இருந்தா, கேக்காததும் நல்லாத் தெரியும்."

சிரிப்பு சரிவெங்கும் உருண்டது. ஃபின்லோ குனிந்து கல்லைத் தொட்டுப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்: விழுந்ததை விழுந்தது என்பேன், விழாததை விழாதது என்பேன். தீவில் அந்தப் பிரமாணத்தை மீறியவர் யாரும் இல்லை. மீறினால் குடும்பத்தோடு கப்பலேற வேண்டியதுதான். ரொட்டிக் கடையில்கூட நின்று பேச ஆள் கிடைக்காது.

மெரியல் தாளை விரித்தாள். காற்று அவள் முதுகிலிருந்து கடலைப் பார்த்து வீசியது. குரலுக்கு அதைவிட நல்ல காற்று கிடையாது என்று நினைத்துக்கொண்டாள்.

"ஹால்சே தீவின் நாய்ச் சட்டம்!" என்று கம்பீரமாக வாசித்து, தலைப்புக்குப் பின் விட வேண்டிய மரியாதைக்காக ஒரு நொடி நிறுத்தினாள்.

துறைமுகத்திலிருந்து பதில் வந்தது.

"வவ்! வவ் வவ் வவ்!"

கம்பிக்கு நடுவே இருந்த மூக்கு மேலே தூக்கியிருந்தது. ஒரு காது மேலே, ஒரு காது கீழே. தெரிந்த குரல்; தெரிந்த விளையாட்டு; இந்த முறை இத்தனை பேர் பார்க்க! டர்னிப்பின் பின்பாதி முழுவதும் வாலாகிவிட்டது. மெரியல் தொடர்ந்து வாசித்தாள். ஆனால் செவிக்கல்லிலிருந்து கப்பல் நாற்பதடி, அவள் எழுபதடி. கணக்கை யார் வேண்டுமானாலும் போடலாம்.

வாசித்து முடித்தபோது ஃபின்லோ தலையைச் சொறிந்தார். "தலைவரம்மா, பிரமாணமா எனக்கு விழுந்ததைச் சொல்றேன். 'ஹால்சே தீவின் நாய்ச் சட்டம். வவ். வவ். இத்தீவில் வவ். ஆடு தெரியும் வவ்.' இதைச் சட்டம்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு நாங்க எதுக்குக் கட்டுப்படறது?"

தரையைக் கையால் அடித்துச் சிரித்தார்கள். மெரியலுக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை. குரைப்பில் போனதில் முக்கியமானது 'இயற்றுவதாவது' என்ற அந்த ஒரு சொல். சட்டத்தின் தலைமாட்டில், 'அவையும் அரசரும் மக்களின் செவியும் சேர்ந்து இதனால் இயற்றுவதாவது' என்று ஒரு வரி வரும். அதுதான் வீட்டின் மெயின் சுவிட்ச். கீழே எத்தனை அழகான விதி எழுதினாலும், மேலே அந்தச் சொல் விழாவிட்டால் ஒரு பல்பும் எரியாது. டர்னிப் சரியாக அந்தச் சுவிட்சின் மேல் உட்கார்ந்து குரைத்திருந்தது.

"முதல் வாசிப்பு, விழவில்லை" என்று ஒனோரா பெக் அறிவித்தார். மணி ஒன்று இருபது.

"வில்ஃப்!" என்று மெரியல் கப்பலைப் பார்த்துக் கத்தினாள். வில்ஃப் கப்பலில் கயிறு கட்டுகிறவன். அவளோடு பள்ளியில் படித்தவன். "அவனைக் கீழ கொண்டு போடா! எஞ்சின் ரூமுக்கு!"

"வரமாட்டேங்கறான்டி! உன்னையே பாக்கறான்!"

"பன்னைக் காட்டு!"

பன்னைக் காட்டியதும் டர்னிப் கீழே போனது. இரும்புக் கதவு மூடிக்கொண்டது. துறைமுகம் அமைதியாயிற்று. கடற்பறவைகள்கூட வாயை மூடிக்கொண்டன. மெரியல் இன்னும் உரக்க ஆரம்பித்தாள்.

"ஹால்சே தீவின் நாய்ச் சட்டம்!"

கப்பலின் மேல்தளத்தில் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த ஒரு காற்றுக்குழாய் உண்டு. எஞ்சின் அறைக்குக் காற்று போக அது மேலே வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மேலேயிருந்து காற்று உள்ளே போகும் என்றால் குரலும் போகும். உள்ளேயிருந்து குரல் வெளியே வரும் என்றால் அது எப்படி வரும் என்பதை அன்றைக்குத்தான் தீவு தெரிந்துகொண்டது. அடியாழத்திலிருந்து, இரும்பெல்லாம் அதிர, ஏதோ பெரிய பூதம் கிணற்றுக்குள் விழுந்து உதவி கேட்பது போல ஒரு "வாஆஆவ்" எழுந்தது. மேட்டின் பின்புறம் மேய்ந்த ஆடுகள் எல்லாம் ஒன்றாகத் தலை தூக்கின. ஒரு குழந்தை கைதட்டியது.

மெரியல் ஒவ்வொரு விதிக்குப் பிறகும் நிறுத்தி, மூச்சை இழுத்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குழாய் முழங்கியது; அடுத்த விதியின் பாதி வரை அந்த முழக்கம் அடங்கவில்லை.

"இந்தத் தடவை ஆரம்பம் நல்லா விழுந்துச்சு" என்றார் ஃபின்லோ, நியாயமாக. "அப்புறம் எனக்குக் காதே விழுந்துடுச்சு."

"இரண்டாம் வாசிப்பு, விழவில்லை." ஒனோரா பெக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்று நாற்பது. மெரியல் கண்ணு, அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கலாமா? இப்ப மூணாவதையும் வீணாக்கினாலும், வாசிக்காம விட்டாலும், ஒரே கதைதான்."

அடுத்த வருஷம் சட்டம் வரும், நாய்கள் வரும், தீவுக்கு ஒரு நஷ்டமுமில்லை. நஷ்டம் அவள் ஒருத்திக்குத்தான். ஆறு மணிக்கு யாரோ ஒரு நல்ல குடும்பம், நல்ல தோட்டம், நல்ல குழந்தைகள். ஆனால் அங்கே டர்னிப்பின் முன்னால் உட்கார்ந்து யாரும் எதையும் வாசித்துக் காட்டப் போவதில்லை.

அப்போது வில்ஃப் கதவைத் திறந்து, காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். பின்னாலேயே டர்னிப்பும் வந்து கம்பியோரம் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

"மெரியல்! இவன் சும்மா கத்தலடி! நீ பேசும்போது காதைத் தூக்கி வச்சுக்கிட்டு அப்படியே கல்லு மாதிரி உக்காந்திருக்கான். நீ நிறுத்தினாத்தான் வாயத் தொறக்கறான். தொறந்தா மூடத்தான் நேரமாகுது. ரொம்ப மரியாதை தெரிஞ்ச நாயி! உன்னை மாதிரி குறுக்கப் பேசற ஜாதி இல்ல!"

மெரியலுக்குத் தலைக்குள் ஒரு சக்கரம் இன்னொரு சக்கரத்தில் போய்ப் பல்லைப் பொருத்திக்கொண்டது.

நிறுத்தினால் குரைக்கிறான். நிறுத்தாவிட்டால்?

கடற்பாசிச் சட்டம் அவளுக்கு மனப்பாடம். எல்லோரும் சிரிக்கிற அந்த நாற்பத்தோரு பக்கமும் ஒரே வாக்கியம். அந்தக் காலத்துச் சட்டங்கள் எல்லாமே அப்படித்தான்: தலைமாட்டில் 'இயற்றுவதாவது' என்று ஓர் ஆணி, அதில் விதிகளை எல்லாம் ஈரத் துணி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிடுவார்கள். நடுவில் எங்கும் நிற்க இடமிருக்காது. வேலைக்கு வந்த முதல் வருஷமே, மனிதர்கள் மூச்சு விட வேண்டாமா என்று சொல்லி, ஒவ்வொரு விதியையும் தனித்தனியாக வெட்டி நிறுத்தியவள் அவள்தான். அந்த நிறுத்தம் ஒவ்வொன்றும் இன்றைக்கு நாய்க்கு ஒரு வாசல்.

"தலைவரம்மா, ஒரு சந்தேகம்! எங்க நிறுத்தணும், எத்தனை மூச்சுல படிக்கணும்னு விதி ஏதாவது இருக்கா?"

ஒனோரா பெக் பக்கத்திலிருந்த பழைய விதிப் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே ஒரு பணியாரத்தையும் முடித்தார். "சொற்கள் எல்லாம் வரணும். வரிசை மாறக் கூடாது. மூச்சைப் பத்தி ஒண்ணும் இல்லயே."

"செவியாளுக்கு ஆட்சேபம் இருக்கா?"

எல்லோரும் ஃபின்லோவைப் பார்த்தார்கள். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் விவாதம் தொடங்கும். விவாதம் தொடங்கினால் இரண்டு மணி தாண்டும். அது அவருக்கும் தெரியும் என்பது அவர் மீசையில் தெரிந்தது.

"எத்தனை சொல்லு?" என்று கேட்டார்.

"முப்பத்தேழு."

"ஒரே மூச்சுலயா? இந்தக் காத்துலயா? எழுபதடிக்கா?" அவர் சிரித்தார். "முடியாது தாயி. நான் ஆட்டை விரட்டிக்கிட்டே கத்தறவன், எனக்கே முடியாது. படி. எனக்கு ஆட்சேபமில்ல. பாக்கணும் இதை."

மெரியல் வருஷம் முழுவதும் விடியற்காலையில் கடலில் நீந்துகிறவள். ஜனவரித் தண்ணீரில் தலையை முக்கினால் உடம்பே மூச்சை இழு இழு என்று கெஞ்சும்; அப்போது இழுக்காமல் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டாள். கோட்டைக் கழற்றி வைத்தாள். தோளைப் பின்னுக்குத் தள்ளினாள். வயிற்றின் அடியிலிருந்து, விலாவைத் திறந்து, கழுத்தெலும்பு வரை காற்றை நிரப்பினாள்.

"வாயை மூடுங்கடா எல்லாரும்! நான் கேக்கணும்!" என்று ஃபின்லோ கத்தினார். ஊர் வாயை மூடியது. பாதிப் பன் வாயிலிருந்தவர்கள் மெல்லாமல் வைத்துக்கொண்டார்கள்.

"ஹால்சே தீவின் நாய்ச் சட்டம் அவையும் அரசரும் மக்களின் செவியும் சேர்ந்து இதனால் இயற்றுவதாவது இத்தீவில் நாய் வைத்திருக்கலாம்"

டர்னிப்பின் மேல் காது நிமிர்ந்தது. கீழ்க் காதும் நிமிர்ந்தது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தது.

"நாய் என்பது நாயே ஆடு தெரியும் இடத்தில் நாய் கயிற்றில் இருக்க வேண்டும்"

மெரியலுக்குக் கண்ணோரம் சிவப்பாகத் தெரிந்தது. குரலை மெலிய விடக்கூடாது. மூச்சு மிஞ்சியிருப்பது கையளவு. சொற்கள் இன்னும் பதின்மூன்று.

"கயிறில்லாமல் விட்டவர் அந்த ஆட்டின் உடையவரிடம் ஒரு நாள் உழைக்க வேண்டும்"

சரிவில் இருந்த அத்தனை பேரும் தங்களை அறியாமல் முன்னால் சாய்ந்தார்கள். அவளுக்காக யாரும் மூச்சு விடவில்லை. ஒனோரா பெக்கின் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. எழுத்துகள் தாளில் நீந்தின. மெரியல் தாளைப் பார்ப்பதை விட்டாள், விலாவைப் பிழிந்தாள், ஊதி முடித்த பலூனில் கடைசியாக மிஞ்சுகிற காற்றைப் பிதுக்குவது போல,

"1823-இன் தடை இன்றோடு ஒழிந்தது!"

என்று வீசிவிட்டு அப்படியே புல்லில் உட்கார்ந்தாள்.

"வவ்!" என்றது டர்னிப்.

ஃபின்லோ கல்லின் மேல் அசையாமல் நின்றார். மூன்று மாதம் வண்டியில் அட்டை ஒட்டியவர். ஒரு பொய் போதும். கடைசிச் சொல் காற்றில் போய்விட்டது என்றால் யார் இல்லையென்பார்கள்? அவர் தன் ஆயிரத்து இருநூறு ஆடுகளை நினைத்துப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். காலுக்குக் கீழே இருந்த கல்லைப் பார்த்தார்.

"கே... ட்டது!" என்று கத்தினார். அப்புறம் இன்னும் உரக்க, கோபமாகவே, "கேட்டுத் தொலைச்சது! ஒவ்வொரு சொல்லும்! அந்த 'ஒழிந்தது' நேரா என் வயித்துல வந்து விழுந்துச்சு!"

தொப்பிகள் மேலே போயின. மென்று முடிக்காத பன்களும் போயின. "நாயின் கடைசிக் குரைப்பை என்னன்னு எழுதறது?" என்று அவை எழுத்தர் கேட்க, "வழிமொழிந்ததுன்னு எழுதுங்க" என்றார் ஒனோரா பெக்.

மெரியல் எதையும் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தாள். மணி ஒன்று ஐம்பத்திரண்டு. வில்ஃப் இறங்குபலகையைத் தள்ளிப் போட்டு, டர்னிப்பின் கழுத்திலிருந்த கப்பல் கயிற்றை அவிழ்த்தான். கயிறு கப்பலுக்குச் சொந்தம். டர்னிப் பலகையின் நுனியில் ஒரு கணம் நின்று, இருநூறு வருஷமாக எந்த நாயும் வைக்காத காலை ஹால்சேயின் மண்ணில் வைத்தது. பிறகு மற்ற மூன்றையும் ஒரே தாவலில் வைத்தது. ஆளும் நாயும் துறைமுகப் புல்வெளியில் மோதிக்கொண்டு உருண்டார்கள். எது சிரிப்பு, எது குரைப்பு என்று பிரிக்க முடியவில்லை.

"மெரியலு" என்றார் ஃபின்லோ, பக்கத்தில் வந்து நின்றுகொண்டு.

"அண்ணே! ரொம்ப, ரொம்ப நன்றிண்ணே!"

"அது இருக்கட்டும். அங்க பாரு. சுவரோரம். அது என்ன?"

அவள் பார்த்தாள். சுவரோரம் ஒரு கிழட்டுப் பெண்ணாடு, காதில் நீல வில்லையுடன், எதையோ மென்றபடி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆடுண்ணே."

"யாரோடது?"

"நீல வில்லை... உங்களோடது."

"தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"உன் நாயோட கயிறு எங்க?"

கயிறு கோட்டுப் பையில் இருந்தது. கோட்டு மேட்டின் உச்சியில் இருந்தது. சட்டம் பிறந்து நாலு நிமிஷம் ஆகியிருந்தது. அதைத் தீவிலேயே முதலில் மீறியவள், அதை எழுதியவள்.

"ஒரு நாள் உழைப்பு" என்றார் ஃபின்லோ. நாள் முழுவதும் அவர் முகத்தில் வராத ஆனந்தம் இப்போது பொங்கி வழிந்தது. "நாளைக்கு எனக்குக் கம்பளி கத்தரிக்கிற நாள். காலைல ஆறு மணி. பழைய துணி போட்டுக்கிட்டு வா. இயற்றினது நீ, அனுபவிக்கறது நான். அடடா, இப்பத்தான் இந்தச் சட்டமே எனக்குப் பிடிக்குது!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கிழட்டு ஆடு தலையைக் குனிந்துகொண்டு நேராக வந்தது. டர்னிப் அதைப் பார்த்தது. வால் கால்களுக்கிடையே போயிற்று. "க்ஞீ" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, புதுக்குடிமகன் துறைமுகத்தைச் சுற்றி ஓட, பின்னால் ஆடு, அதன் பின்னால் மெரியல், அவள் பின்னால் ஃபின்லோ, "ஏய் மேபிள்! விடுடி அவனை!" என்று கத்திக்கொண்டு. இரண்டு சுற்று ஓடி, நண்டுக்கூடைகளைச் சரித்து, கடைசியில் நாய் தண்ணீரில் பாய்ந்தது. இரண்டு மணிக்குப் புறப்பட்ட கப்பலின் மேல்தளத்திலிருந்து வில்ஃப், பயணிகள் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினான்.

முழங்கால் தண்ணீரில் நனைந்த நாயை அணைத்துக்கொண்டு மெரியல் நின்றாள். ஃபின்லோ ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று மூச்சு வாங்கினார்.

"அண்ணே, ஆடு நாயை விரட்டினா என்ன தண்டனை?"

"எனக்கென்ன தெரியும்? சட்டம் எழுதினவ நீ. என்ன போட்டிருக்க?"

மெரியல் மனசுக்குள் முப்பத்தேழு சொற்களையும் முன்னிருந்து பின்னாக ஓடவிட்டாள். பின்னிருந்து முன்னாகவும் ஓடவிட்டாள்.

"ஒண்ணும் போடல" என்றாள். குரலில் வருத்தமே இல்லை. பெரிய ஓட்டை, அழகான ஓட்டை, ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து யோசிக்கலாம். "திருத்தச் சட்டம் ஒண்ணு வேணும்ணே. 'நாயை விரட்டும் ஆட்டின் உடையவர்...'" என்று ஆரம்பித்து, அடுத்த சொல்லைத் தேடி நிறுத்தினாள்.

"வவ்" என்றது டர்னிப்.

"அவனுக்கு அந்த வரி பிடிக்கலயாம்" என்றார் ஃபின்லோ. "எனக்கும்தான். நாளைக்கு வரும்போது பென்சில் எடுத்துக்கிட்டு வா. ஆடு கத்தரிச்சுக்கிட்டே பேசுவோம். அவனையும் கூட்டிட்டு வா. கயித்தோட."